லேப்டாப் முன்னாடி ஒரு ஐஸ் தட்டு

உறைபனி போட்டோன்னா டிசம்பர், ஜனவரில ஊட்டிக்குப் போய் தலைகுந்தா புல்வெளியில விடியுறதுக்கு முன்னாடி நிக்கணும். போங்க, நல்ல இடம்தான். இன்னைக்கு நான் சொல்ல வர்ற சப்ஜெக்ட் உங்க வீட்டு ஃப்ரீசர்லயே இருக்கு.

அடி தட்டையான, சாதாரணக் கண்ணாடித் தட்டுல ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி ஊத்தி உறைய வையுங்க. பிளாஸ்டிக் வேண்டாம், அதுவே கலர் காட்டிக் குழப்பும். எல்சிடி மானிட்டர்ல வெறும் வெள்ளைத் திரையை வச்சு, அதுக்கு முன்னாடி தட்டைப் பிடிங்க. மொபைல் கேமராவை ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸால மறைச்சு, கண்ணாடியை மெதுவா திருப்புங்க. ஒரு கட்டத்துல திரை கறுத்துடும். ஐஸ் மட்டும் நீலம், மஞ்சள், ரோஸ்னு துண்டு துண்டா ஒளிரும்.

ஏன்னா, எல்சிடி ஒளி ஒரே திசையில அதிருது. அதைத்தான் கூலிங் கிளாஸ் தடுக்குது. நடுவுல இருக்கிற ஐஸ் படிகம் அந்த ஒளியை ரெண்டாப் பிரிச்சு, வேற வேற வேகத்துல அனுப்பி, அதிர்வையே மாத்திடுது. எந்த நிறம் தப்பிச்சு வரும்னு முடிவு பண்றது படிகத்தோட கோணமும் தடிமனும். ஐஸ் ரொம்பத் தடிமனா இருந்தா கலர் வெளுத்துடும்.

உருக உருக நிறம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால நிறுத்தாம எடுங்க. எனக்குப் பிடிச்சது ரெண்டு படிகம் முட்டிக்கிற கோடு. சென்னை ஈரப்பதத்துல தட்டோட பின்பக்கம் உடனே வேர்த்துடும், துணி கையில இருக்கட்டும். கீபோர்டு மேல மட்டும் பிடிக்காதீங்க, ப்ளீஸ்.