கண்மாய்க் கரை ஏன் சரிவகம்?

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் வழியாக மலையிறங்கி வரும் ஆறு அடிவாரக் கண்மாய்களுக்கும் நீர் தருகிறது. அப்படியொரு கண்மாய்க் கரையைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை குறுகல், அடி அகலம், இரு பக்கமும் சரிவு. ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் இணையாக உள்ள இந்த நாற்கரம்தான் சரிவகம். இது கட்டியவரின் விருப்பத்தில் பிறந்த வடிவம் அல்ல. மேல்பக்கத்தை மட்டமாக்குவது தண்ணீர். இரு பக்கங்களையும் சாய்ப்பது மண். தேங்கிய நீர் மட்டமாக நிற்பதால், கரையின் தலை எங்கே தாழ்கிறதோ அங்கேதான் வெள்ளம் ஏறிக் கடக்கும், அரித்துக்கொண்டும் போகும். மண்ணோ செங்குத்தாக நிற்காது. நனைந்தால் இன்னும் படுத்துக்கொள்ளும். நீரின் அழுத்தமும் ஆழத்தோடு கூடுகிறது: 4 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 டன். அடி அகலமாக இருந்தால்தான் அந்தத் தள்ளலைத் தாங்கும். கசிவு நீரும் வெளிச்சரிவை எட்டுவதற்குள் தாழ்ந்துவிடும்.

அப்படியானால் முக்கோணமே போதாதா என்று கேட்கலாம். 4 மீட்டர் உயரக் கரைக்கு, ஒரு மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் வீதம் இரு பக்கமும் சரிவு கொடுத்தால் அடி 16 மீட்டர்; குறுக்குவெட்டு 32 சதுர மீட்டர். தலையை 3 மீட்டர் அகலமாக்கினால் அடி 19 ஆகும். இணைப்பக்கங்களின் சராசரி 11, உயரம் 4, பரப்பு 44. நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 12 கன மீட்டர் மண் கூடுதல்தான். ஆனால் கூர்முனை ஒரே மழையில் கரையும், அதன்மேல் மண்வெட்டியோடு ஓடி உடைப்பை அடைக்கவும் முடியாது. செங்குத்துக் கல்சுவர் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. நீர் மேலேறி வழிய வேண்டிய கலுங்கில் கல்கட்டு வைப்பதும் சரி. கரை முழுவதற்கும் அது வீண்செலவு. மண் கண்மாய்க்குள்ளேயே கிடக்கிறது, தரை சற்று அமுங்கினாலும் மண்கரை அதோடு சேர்ந்து அமுங்கும், கல்லோ விரிசல் விடும்.

அடி தலைக்கு இணையாக அமைய, தரை எங்கே சமமாக இருக்கிறது என்பது வலுவான கேள்வி. எங்கும் இல்லைதான். அதனால்தான் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிச் சரிவகமாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளமான இடத்தில் உயரம் கூடும். தலையும் சரிவும் மாறாததால் அடி தானாக அகலும். உள்சரிவும் வெளிச்சரிவும் வேறுபட்டாலும் கணக்கு பிசகாது, ஏனெனில் பரப்புக்கு வேண்டியவை இணைப்பக்கங்களும் அவற்றுக்கு இடையே உள்ள உயரமும் மட்டுமே. வெளிச்சரிவின் அடியில் மண் அள்ளுவோர் குறைப்பது அந்த அடியைத்தான். ஊரார் முதலில் தடுக்க வேண்டியதும் அதையே.