வலது ஸ்பீக்கரில் யார் உளறுகிறார்கள்?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் வில்லுப்பாட்டுக்கும் நாதசுரத்துக்கும் குறைவிருக்காது. கேசட்டும் கைப்பேசியும் வராத காலத்தில் அந்தச் சத்தத்தையெல்லாம் பிடித்துவைக்க ஸ்பூல் டேப் ரிக்கார்டர்தான் கதி. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்திலும் அப்போது நாடாவில்தான் பதிவு நடந்தது.

உங்கள் தாத்தா பதிந்த வில்லுப்பாட்டு ஸ்பூல் ஒன்று பரணில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்டீரியோ ரிக்கார்டரும் கிடைக்கிறது. ஓடவிட்டால் இடது ஸ்பீக்கரில் பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. வலதில் யாரோ தலைகீழாக உளறுகிறார்கள். பேயா? இல்லவே இல்லை!

ஸ்பூலில் சுற்றியிருக்கும் நாடா என்பது இரும்பு ஆக்சைடு துகள் பூசிய பிளாஸ்டிக் பட்டை. அகலம் 6.35 மில்லிமீட்டர். ‘ஹெட்’ எனப்படும் குட்டி மின்காந்தம் ஒலியைக் காந்தத் தடமாக அதில் பதிக்கும். நம்மூர் விசைத்தறிச் சேலையில் கோடுகள் ஓடுமே, அதைப்போல இந்தத் தடங்கள் நாடாவின் நீளவாக்கில் ஓடும். எத்தனை கோடு என்பதில்தான் சிக்கல்.

வானொலி நிலையங்கள் முழு அகலத்துக்கும் ஒரே தடம் போட்டன. தடம் அகலமானால் இரைச்சல் குறையும். பிளேடால் வெட்டி ஒட்டினாலும் மறுபக்கப் பதிவு கெட்டுப்போகாது, மறுபக்கம்தான் கிடையாதே! வீட்டுக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. 366 மீட்டர் ஸ்பூல், நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் மேல்பாதியில் ஒரு பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப்பாதியில் மறுபக்கம் என்று பதிந்தார்கள். இது அரைத்தடம். பிறகு கால்தடம் வந்தது: மேலிருந்து கீழாக நான்கு கோடுகள். ஸ்டீரியோவில் நாடா முதலில் ஓடும்போது 1, 3 தடங்கள். ஸ்பூலைத் திருப்பிப் போட்ட பிறகு 2, 4.

இப்போது பேயைப் பிடிக்கலாம். தாத்தாவின் நாடா அரைத்தடம், ரிக்கார்டரோ கால்தட ஸ்டீரியோ. அதன் இடது ஹெட் மேல்பாதியைப் படிக்கிறது. 3-ஆம் தடத்துக்கான வலது ஹெட் கீழ்ப்பாதியில் உட்கார்ந்து, மறுபக்கப் பாட்டைக் கடைசியிலிருந்து படிக்கிறது. வலது ஒலியை அடைத்துவிட்டால் பேய் ஓடிவிடும்.

இருபக்கமும் பதிந்த கால்தட நாடாவை அரைத்தட ரிக்கார்டரில் போட்டால்தான் வம்பு. ஒரே ஹெட் 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துப் படிக்கும். நேர்ப்பாட்டும் தலைகீழ்ப்பாட்டும் ஒன்றாகக் குழம்பும். எந்தப் பொத்தானாலும் பிரிக்க முடியாது. வேறு ரிக்கார்டர்தான் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஸ்பூல் இருந்தால், எதை அமுக்கினாலும் ‘ரெக்கார்ட்’ பொத்தானை மட்டும் அமுக்கிவிடாதீர்கள். பழைய பாட்டு அழிந்துபோகும்.