ஏழு பெட்டி ரயில்

உங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருப்புக் கொள்ளாது. இன்னொருத்தி புத்தகத்தைத் திறந்துவிட்டால் மணி அடிப்பதுகூடக் காதில் விழாது. "பிறவிக் குணம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறவியிலேயே வருகிறது என்றால் அது உடம்புக்குள் எங்கே இருக்கிறது?

1996 ஜனவரியில் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு செய்தியை வெளியிட்டன. டிஆர்டி4 என்ற மரபணுவின் ஒரு வகை, புதுமையைத் தேடி ஓடும் குணத்தோடு சேர்ந்து காணப்படுகிறது என்றன.

நம் மரபணுக்கள் எல்லாமே நான்கு வேதி எழுத்துகளால் ஆனவை. 11ஆம் குரோமோசோமின் முனையில் இருக்கிறது டிஆர்டி4. அதில் 48 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, ரயிலில் பெட்டிகளைக் கோத்த மாதிரி அடுத்தடுத்து வருகிறது. பெரும்பாலோரிடம் நான்கு பெட்டி. சிலரிடம் இரண்டு, சிலரிடம் ஏழு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு ரயில்.

இந்த மரபணு டோபமைன் ஏற்பி என்ற புரதத்தை உண்டாக்குகிறது. டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படும் வேதிப்பொருள். புதிதாக ஏதேனும் எதிர்ப்பட்டால் அது பாய்ந்து வரும். ஏழு பெட்டி ஏற்பி இந்தச் சேதியைக் கொஞ்சம் மந்தமாக வாங்கிக்கொள்கிறது. அதனால் அந்த வகை உள்ளவர்கள் கூடுதல் பரபரப்பைத் தேடக்கூடும் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள்.

ஆனால் அறிவியலில் ஒருவர் கண்டதை மற்றவர்களும் காண வேண்டும். பிறகு வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, பல இல்லை என்றன. ஒரு குணத்தில் எத்தனையோ மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். "சாகச மரபணு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

2013இல் இதே மரபணு வேறொரு வாசல் வழியாக வந்தது. கலிபோர்னியாவில் லகுனா வுட்ஸ் என்று ஓய்வு பெற்றவர்கள் வாழும் ஊர் உண்டு. அங்கே 90 வயதைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் 310 பேரின் டிஆர்டி4 வகையைப் பார்த்தார்கள். 7 முதல் 45 வயது வரையிலான 2,902 பேரோடு ஒப்பிட்டால், ஏழு பெட்டிக்காரர்களின் விகிதம் இந்தத் தாத்தா பாட்டிகளிடம் 66 சதவீதம் கூடுதல்! அவர்கள் ஓடியாடி இயங்குவதிலும் ஒரு படி மேலே இருந்தார்கள். அதே ஆய்வில் பார்த்த, இந்த மரபணுவே இல்லாத எலிகளோ குறைவாக நடமாடின. அவற்றின் ஆயுளும் 7 முதல் 9.7 சதவீதம் வரை குறைந்தது. சுறுசுறுப்பாக இயங்கத் தோதான சூழலில் வளர்த்தும் அவற்றின் ஆயுள் நீளவில்லை. ஆகவே மரபணு நேரடியாக ஆயுளைக் கூட்டுவதைவிட, காலை எழுந்ததும் நடக்கக் கிளம்பும் ஆசையைத் தூண்டி, அதன் வழியே உதவியிருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கென்யாவில் நடந்த ஆய்வு. அந்நாட்டின் வறண்ட வடபகுதியில் அரியால் என்ற மக்கள் இருக்கிறார்கள். ஒட்டகம், மாடு, ஆடுகளோடு மேய்ச்சலும் தண்ணீரும் தேடி இடம் மாறிக்கொண்டே இருப்பது அவர்கள் வழக்கம். ஒட்டகப் பால் முக்கிய உணவு. அவர்களில் ஒரு பகுதியினர் சில பத்தாண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் தங்கி விவசாயத்துக்கு மாறிவிட்டார்கள். ஒரே இனம், இரண்டு வாழ்க்கை! இப்படி ஒரு வாய்ப்பு ஆய்வாளருக்கு எளிதில் அமையாது. டான் ஐசன்பெர்க் குழுவினர் ஏறத்தாழ 150 ஆண்களின் எடை, உயரம், மரபணு வகை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மந்தையோடு அலைபவர்களில் ஏழு பெட்டிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சதைப்பிடிப்போடு இருந்தார்கள். ஊரில் தங்கிவிட்டவர்களிடம் கணக்கு தலைகீழ்: அங்கே ஏழு பெட்டிக்காரர்கள்தான் சற்று மெலிந்திருந்தார்கள்.

எழுத்துகள் அதேதான், வாழ்க்கைதான் வேறு. ஏன் இப்படி? மந்தையைக் காப்பவனுக்கு நாலா பக்கமும் கண் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். எந்தப் புதரில் என்ன அசைகிறது, மேகம் எந்தத் திசையில் திரள்கிறது என்று பார்த்தபடி இருக்க வேண்டும். அதே அலைபாயும் கவனம் வகுப்பறையிலோ வயல் வேலையிலோ இடைஞ்சலாகலாம். இது ஐசன்பெர்க் முன்வைத்த ஊகம். இதைச் சோதிக்க இன்னும் பல ஊர்களில், இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டியிருக்கிறது.