நோய்க்கு முதல் எது?

பிணியை அறிந்தால் மட்டும் போதாது, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. காரணத்தைப் பிழைபட உணர்ந்தால் மருத்துவமும் பிழைபடும். இதற்கு மலேசிய நாட்டின் அண்மைக்கால வரலாறு ஒரு சான்றாகும்.

அந்நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதல் அறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில். 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அவர்களுட் பெரும்பாலோர் ஹெராயினை ஊசியால் ஏற்றிக்கொண்டவர்கள். ஆயினும் அக்கிருமி போதைப்பொருளினின்று தோன்றுவதன்று. ஒருவர் குத்திக்கொண்ட ஊசியில் எஞ்சிய சிறு குருதி, அதே ஊசியைப் பிறர் பயன்படுத்துங்கால் அவர் உடலிற் கலக்கின்றது. எனவே இத்தொற்றுக்கு முதல், பகிர்ந்துகொள்ளும் ஊசியேயாம்.

ஊசியை ஏன் பகிர்ந்துகொள்கின்றனர்? வறுமை ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தத்தை ஒட்டி, நாடுகள் பலவும் தண்டனையையே முதன்மையாகக் கொண்டன. மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. ஊசியோடு பிடிபடுவோமோ என்று அஞ்சுபவன் புதிய ஊசியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளான். மறைவிடத்திற் கிடைத்ததைக் கொண்டு குத்திக்கொள்வான்.

இதனை உணர்ந்த அரசு 2005-இல் மெத்தடோன் மருத்துவத்தைத் தொடங்கிற்று. நாள்தோறும் வாய்வழி அருந்தும் இம்மருந்து ஹெராயின் வேட்கையைத் தணிக்கும். ஊசிக்குத் தேவை இராது. 2006-இல் பழைய ஊசியைப் பெற்றுப் புதியது வழங்கும் திட்டம் மூன்று இடங்களில் முன்னோடியாக அமைந்தது. கோலாலம்பூர், பினாங்கு ஆகியவற்றோடு ஜொகூர் மாநிலத் தலைநகரான ஜொகூர் பாருவும் அவற்றுள் ஒன்றாகும். ஊசி வாங்க வருவோரைக் குருதிச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆற்றுப்படுத்துவதும் அத்திட்டத்தின் பணியே.

ஊசி கொடுப்பது தீய பழக்கத்தை வளர்க்காதா என்று வினவுவர் சிலர். இவ்வினாவை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனம், அவ்வாறு வளர்ப்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லையென 2004-இல் முடிவு கூறிற்று. மலேசியாவிலும் ஊசிவழித் தொற்று பெரிதும் குறைந்து, இன்று புதிய தொற்றுகளில் மிகச் சிறு பகுதியாகவே உள்ளது; பெரும்பாலானவை பாலுறவு வழிப் பரவுவன.

எனினும் சட்டம் தேடுபவனும் மருத்துவம் தேடுபவனும் ஒருவனே. பிடிபடும் அச்சத்தால் அவன் மருத்துவரிடம் வாராதொழிந்தால், கேடு அவனோடு நில்லாது. அவன் மனைவியையும் பிறக்கவிருக்கும் குழந்தையையும் சென்றடையும்.