தேய்ந்த அரத்துக்குள் ஓர் உளி

புறக்கோட்டைக்குப் பக்கத்தில், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. உளியும் சீவுளியும் அங்கே வாங்கலாம். ஆனாலும் கை பழகிய தச்சர் தேய்ந்த அரத்தை இலேசில் எறியமாட்டார். அதற்குள் ஓர் உளி இருக்கிறது.

நல்ல அரத்தின் உருக்கில் நூற்றுக்கு 1 பங்கு அளவில் கரி சேர்ந்திருக்கும். கூர் நிற்பது அதனால்தான். மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டுமே கெட்டி. அவை உளிக்கு உதவா.

அரத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். இளகியதும் பல்லைத் தேய்த்து உளியாக ராவலாம். பிறகு வாய்ப்பக்கத்தை மட்டும் மறுபடி காய்ச்சுங்கள். எவ்வளவு சூடு? காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டாவிட்டால் ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ். இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றக்கூடும், மூடி கையோடு இருக்கட்டும்.

இப்போது உளி கண்ணாடி மாதிரி, விழுந்தாலே உடையும். மினுக்கிவிட்டு மெதுவாகச் சூடேற்றினால், 220 பாகையளவில் வைக்கோல் நிறம் படரும். அங்கேயே நிறுத்துங்கள். அவசரக்காரர் கோட்டை விடும் இடம் இதுதான். வாய் நீலம் பாய்ந்தால் கெட்டித்தன்மை குறைந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உளியைத் தட்டும் கொட்டாப்புளிக்குப் புளியங்கட்டை நன்று. இன்னொன்று, நாகம் பூசிய இரும்பை நெருப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு.