ஐசியூவுக்குப் பிறகுதான் நீண்ட சிகிச்சை

மூளைக்காயம் பற்றி ஒரு மருத்துவ மாநாடு என்றால், நரம்பியல் அறுவை நிபுணர்கள் கூடி ஸ்கேன் படங்களைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் நினைப்போம். சர்வதேச மூளைக்காயச் சங்கம் நடத்தும் உலக மாநாட்டுக்கு அவர்களும் வருகிறார்கள். கூடவே பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர், உளவியலாளர், செவிலியர் என்று வேறு பல துறையினரும் வருகிறார்கள். இவ்வளவு பேர் எதற்கு?

அறுவை சிகிச்சையால் முடிவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் தேங்கிய ரத்தக்கட்டியை எடுக்கலாம். வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க எலும்பில் ஒரு பகுதியையே கழற்றி வைக்கலாம். உயிரைக் காப்பது இதுதான். ஆனால் அறுந்துபோன நரம்பிழைகளை எடுத்துத் தைக்க முடியாது. ஓடும் பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் போய் விழுவதைப்போல, விபத்தில் தலை திடீரென்று நிற்கும்போது உள்ளே மூளை குலுங்கி, மெல்லிய இழைகள் இழுபட்டு அறுகின்றன. இது சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ‘ஸ்கேன்ல பெரிசா ஒண்ணும் இல்லைங்கறாங்க, ஆனா கண்ணே திறக்கலையே’ என்று குடும்பத்தார் தவிப்பது இதனால்தான்.

ஐசியூ வாசலில் ‘ஸ்கோர் எவ்வளவு?’ என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட, நோயாளியின் உணர்வு நிலையை அளக்கும் அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு, ஏனென்றால் கணக்கே மூன்றில்தான் தொடங்குகிறது. ‘மூணாவது இருக்கே’ என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கண் திறந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்ற எண்ணத்தைச் சினிமா நமக்கு ஊட்டிவிட்டது. கதாநாயகன் கோமாவிலிருந்து விழித்ததும் ‘அம்மா’ என்கிறான், படம் முடிகிறது. நிஜத்தில் மூளை படிப்படியாகத்தான் விழிக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை இந்தப் படிகளை எட்டாக வகுத்தது. அவற்றில் நான்காவதைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பேன்.

அந்தக் கட்டத்தில் நோயாளி மூக்குக் குழாயைப் பிடுங்குவார். கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். அடிப்பார், கடிப்பார். வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். ‘அதட்டிக்கூடப் பேசாத மனுஷன், புத்தி பேதலிச்சுப் போச்சே’ என்று மனைவி அழுவார். உறவில் ஒருவர் மந்திரிக்க ஆள் பார்க்கிறேன் என்பார். உண்மையில், அசைவின்றிக் கிடந்த மூளை விழித்துக்கொண்டு, ஆனால் எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது என்று புரியாமல் திண்டாடும் நேரம் அது. பலருக்கு இது கடந்து போகும் படிதான். எல்லாரும் எல்லாப் படிகளிலும் ஏறுவதில்லை, சிலர் நடுவிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

முதலில் வலியா, சிறுநீர் அடைப்பா, காய்ச்சலா என்று டாக்டர் பார்க்கட்டும். அவை இல்லையென்றால், இரைச்சலைக் குறைப்பதே பெரிய வைத்தியம். டிவியை அணைக்கலாம், விளக்கைத் தணிக்கலாம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கலாம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பத்துப் பேர் சூழ்ந்து நின்று, ‘நான் யாரு, சொல்லு பார்ப்போம்’ என்று ஆளுக்கொரு பரீட்சை வைப்பது நம் ஊர்ப் பாசம்தான். ஆனால் அவருக்கு அது சித்திரவதை. கையைக் கட்டிப்போட்டாலும் ஆத்திரம்தான் ஏறும்.

அந்த நாட்களில் அவர் மனத்தில் எதுவும் பதிவதில்லை. காலையில் வந்த அண்ணனை மாலையில் ‘ஏன் வரவே இல்லை?’ என்பார். இந்த மறதிக்காலம் எத்தனை நாள் நீள்கிறது என்பது, பின்னால் எவ்வளவு தேறுவார் என்பதற்கு நல்ல குறிகாட்டி. அதை அளக்க ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்மீட் மருத்துவமனையின் பெயரில் ஒரு சோதனை உண்டு. வயது, தேதி, இடம் முதலியவற்றோடு, நேற்றுக் காட்டிய மூன்று படங்கள் எவை, கேட்டவரின் பெயர் என்ன என்று தினமும் 12 கேள்விகள். தொடர்ந்து மூன்று நாள் 12-க்கு 12 எடுத்தால் மறதிக்காலம் முடிந்தது என்று கொள்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

இந்தத் துறையில் வழக்கமாகச் செய்துவந்ததை ஆய்வு புரட்டிப் போட்டதும் உண்டு. தலையில் அடிபட்டால் வீக்கம் வற்ற ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக நடந்துவந்தது. பல நாடுகளில் 10,008 பேரிடம் நடந்த ‘கிராஷ்’ ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது: ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் இரண்டு வாரத்துக்குள் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். அத்தோடு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பழைய மருந்தான அமன்டடின், கண் திறந்தும் உணர்வு சரியாகத் திரும்பாமல் கிடப்பவர்களின் முன்னேற்றத்தை வேகப்படுத்தியதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது 2006-இல் வெளியானது. எந்தப் பதிலும் சொல்லாமல் கிடந்த இளம்பெண் ஒருவரிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழுவினர் சொன்னார்கள். நல்ல நிலையில் இருப்பவர்கள் அப்படிக் கற்பனை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குமோ, ஸ்கேனில் அவருக்கும் அதே பகுதி இயங்கியது. 2024-இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்கு அசையாதவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி உள்ளே பதில் இருந்தது. ஆகவே கட்டில் ஓரத்தில் நின்று ஆஸ்பத்திரிச் செலவையும் சொத்துப் பங்கீட்டையும் பேசுவதை விட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. கைகால் இயக்கத்துக்கு அது உதவும். நினைவாற்றலுக்கும் நடத்தைக்கும் பயிற்சி தர ஆள் கிடைப்பதுதான் அரிது. அந்தச் சுமை வீட்டில் ஒருவர் தலையில், பெரும்பாலும் அம்மா அல்லது மனைவி தலையில், விழுகிறது.

வீட்டுக்கு வந்தபின் இவர்கள் காண்பது வெளியே தெரியாத ஊனம். நடக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். ‘நல்லாத்தானே இருக்காரு’ என்பார்கள் பார்க்க வந்தவர்கள். ஆனால் குளிக்கப் போகச் சொன்னால் போவாரே தவிர, தானாக எழ மாட்டார். மூளையின் முன்பகுதி காயப்பட்டால் ஒரு வேலையைத் தொடங்கும் திறனே குறைந்துபோகும். அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். செல்போன் அலாரம், சுவரில் ஒட்டிய அன்றாட அட்டவணை, மாறாத நேர ஒழுங்கு ஆகியவை இங்கே மாத்திரை அளவுக்குப் பயன்படும். ஒரு மணி நேரம் பேசினாலே களைத்துவிடுவார் என்பதால் மதிய ஓய்வு கட்டாயம். மதுவை அறவே விலக்க வேண்டும்.

பலருக்கு வாசனை தெரியாமல் போயிருக்கும், அவர்களும் அதைச் சொல்ல மாட்டார்கள். கேஸ் கசிவதும் குழம்பு ஊசிப்போனதும் தெரியாது. சமையலறையில் அவரைத் தனியே விடும்முன் காப்பித்தூளை முகரக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த சண்டை வண்டியைப் பற்றி வரும். பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும், கவனம் சிதறுவதும் இருப்பதால் டாக்டர் அனுமதிக்கும்வரை ஓட்டக் கூடாது. சாவியை ஒளித்துவைத்து மல்லுக்கட்டுவதைவிட, அடுத்த செக்கப்பில் அவர் முன்னாலேயே டாக்டரைச் சொல்லவைத்து, சீட்டிலும் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் அவருக்கு மறந்துவிடலாம், சீட்டை எடுத்துக் காட்டலாம்.