செயற்கைக் காலும் ஐந்து அச்சு மில்லிங் இயந்திரமும்

வன்னியில் போரில் காலை இழந்தவர்களோடு பேசும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: காலைப் போட்டால் உரசுகிறது. பிழை பெரும்பாலும் பாதத்தில் இல்லை. எஞ்சிய காலை உள்வாங்கும் ‘சொக்கெற்’ என்ற உறையில்தான். அது சில மில்லிமீற்றர் பிசகினாலே தோல் புண்ணாகும். எஞ்சிய கால் காலப்போக்கில் மெலிவதால் உறையைத் திரும்பத் திரும்ப மாற்றவும் வேண்டும்.

வழமையான முறையில் காலில் பிளாஸ்டர் சுற்றி அளவெடுத்து, அதற்குள் வார்த்த வார்ப்பை அரத்தால் சீவி, அதன்மேல் உறையைச் செய்வார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நன்றாகப் பொருந்தும். ஆனால் வார்ப்பு போனால் அளவும் போய்விடும். இன்று பல நாடுகளில் காலை ஸ்கான் செய்து, கணினியில் வடிவத்தைத் திருத்தி, நுரைக்கட்டியில் இயந்திரத்தால் செதுக்குகிறார்கள்.

சாதாரண மில்லிங் இயந்திரம் இடம்–வலம், முன்–பின், மேல்–கீழ் என மூன்று அச்சுகளில் நகரும். மறுபக்கத்தை வெட்டப் பொருளைக் கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பூட்டலிலும் சிறு பிசகு சேரும். ஐந்து அச்சு இயந்திரத்தில் கருவியோ மேசையோ சாய்ந்து சுழலும். ஒரே பூட்டலில் வளைவுகளையும் உட்குழிவுகளையும் எட்டலாம். குட்டையான கருவியே போதும் என்பதால் அதிர்வு குறையும், மேற்பரப்பும் சீராக வரும்.

எல்லாவற்றுக்கும் ஐந்து அச்சு தேவையில்லை. முழங்காலுக்குக் கீழான எளிய வடிவத்துக்குக் கட்டியைச் சுழற்றும் ஓர் அச்சைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். கணுக்காலோடு துண்டிக்கப்பட்டு நுனி பருத்த கால்களுக்கும், உலோக மூட்டுப் பாகங்களுக்குமே ஐந்து அச்சு உண்மையில் கைகொடுக்கும். இயந்திரத்தின் விலையும் அதிகம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்தவரும் வேண்டும்.

வடக்கில் இந்தக் கைத்தொழில் அறிவு புதிதல்ல. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இல் தொடங்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும், யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. முல்லைத்தீவில் ஸ்கான் செய்த வடிவத்தை இணையத்தில் அனுப்பிக் கிளிநொச்சியில் செதுக்கலாம். மூன்று மாவட்டங்களுக்கும் ஓர் இயந்திரம் போதும். அளவு கணினியில் இருப்பதால் அடுத்த உறைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊன்றுகோலோடு பஸ் மாறி மாறிப் போகிறவருக்கு ஒரு பயணம் குறைவதே பெரிய ஆறுதல். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு தொழிலும்கூட.